திரைக்குப் பின்னால் ஒரு குரல்



நேற்று பேத்தியோடு உட்கார்ந்து "மை ஃபேர் லேடி" படத்தை மறுபடியும் பார்த்தேன். 1964இல் வந்த ஹாலிவுட் படம். லண்டன் தெருவில் பூ விற்கும் எலைசாவின் உச்சரிப்பைத் திருத்தி, அவளைச் சீமாட்டியாக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு பேராசிரியர் பந்தயம் கட்டுகிறார். லகர, ளகர, ழகரத்தோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய எனக்கு இந்தக் கதை பிடிக்காமல் இருக்குமா?

இதற்கு மூலம் பெர்னார்ட் ஷாவின் "பிக்மேலியன்" நாடகம். லெர்னர், லோ என்ற இருவர் அதை இசை நாடகமாக்கினார்கள். 1956 மார்ச்சில் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறி 2,717 தடவை நடந்தது. எலைசாவாக நடித்துப் பாடிய ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அப்போது வயது 20தான்.

படமாக்கும் உரிமையை ஜாக் வார்னர் 55 லட்சம் டாலருக்கு வாங்கினார். அவ்வளவு பணம் போட்டவருக்கு, சினிமாவில் யாரும் பார்த்திராத முகத்தை நம்பத் துணிவில்லை. ஜூலியை விட்டுவிட்டு, புகழ்பெற்ற ஆட்ரி ஹெப்பர்னை எலைசாவாக்கினார்.

பேராசிரியராக நடித்தவர் மேடையில் நடித்த அதே ரெக்ஸ் ஹாரிசன். பாட்டைப் பேசுவதுபோலவே பாடுபவர். ஒரு தடவை பாடியதுபோல் மறு தடவை பாடமாட்டார். முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க முடியாது என்றார். அவர் கழுத்துப் பட்டைக்குள் சின்ன மைக்கை ஒளித்துவைத்து, நடிக்கும்போதே பதிவு செய்தார்கள். ஆட்ரியும் பயிற்சி எடுத்துப் பாடிப் பதிவு செய்தார். ஆனால் படத்தில் பெரும்பாலும் ஒலிப்பது மார்னி நிக்சன் என்ற பாடகியின் குரல்.

படத்துக்கு 8 ஆஸ்கார் விருதுகள். ஆட்ரியின் பெயர் போட்டிப் பட்டியலில்கூட இல்லை. அதே இரவில் சிறந்த நடிகை விருதை வாங்கியவர், "மேரி பாப்பின்ஸ்" படத்துக்காக, அந்த ஜூலி ஆண்ட்ரூஸ்!

இந்தக் கதையை எல்லோரும் இங்கே முடித்துவிடுவார்கள். என் மனம் மார்னி நிக்சனிடம்தான் நிற்கிறது. "தி கிங் அண்ட் ஐ" படத்தில் டெபோரா கெர்ருக்கும், "வெஸ்ட் சைட் ஸ்டோரி"யில் நடாலி வுட்டுக்கும் பாடியவர் அவர். மூன்று படங்களின் எழுத்துப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. நம் படங்களில் "பின்னணி பாடியவர்கள்" என்று தனியாகப் போடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது உறுத்துகிறது.

உறுத்தலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு ஆண்டு விழாவில் மேடையில் ஒரு பிள்ளையை நடிக்கவிட்டு, திரைக்குப் பின்னால் இன்னொரு பிள்ளையைப் பாடவைத்தேன். கைதட்டல் அடங்கவில்லை. பரிசு நடித்தவளுக்குக் கிடைத்தது. பாடியவளின் பெயரை மைக்கில் சொல்ல மறந்துவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாய்களைச் சுருட்டிவைக்க எனக்கு உதவிவிட்டுப் போனாள்.

அம்மா, இதை நீ படித்தால், உன் டீச்சரை மன்னித்துவிடு. அன்று கைதட்டியது உன் குரலுக்குத்தான். கீழே உன் பெயரை எழுது, எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.