பெயர் எண்ணாகும் முன்

நெய்வேலி நகரியத்தில் முகவரி எழுதுபவர் வட்டத்தின் எண்ணைக் குறிப்பார். 1950களில் சுரங்கத்துக்கும் நகரியத்துக்குமாக நிலத்தை விட்டுச் சென்ற ஊர்களின் பெயர்கள் அந்த எண்களில் இல்லை. கணினித்துறை நண்பர் ஒருவர் நிரல்மொழிகளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு இவ்வெண்களே நினைவுக்கு வந்தன.

சி++ மொழியில் ஞாயிறு, திங்கள் என்று நாள்களைப் பெயரிட்டு ஒரு வகையை வரையறுக்கலாம். கம்பைலர் அதை இயந்திரமொழியாக மாற்றுகையில் அவை 0, 1 என எண்களாகிவிடும். 'திங்கள்' என்று திரையில் காட்ட, அதே பெயர்களை நிரலர் மறுபடியும் பட்டியலாக எழுதிவைக்க வேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் பிழை.

மொழி தன்னையே நோக்கும் ஆற்றலை ரிஃப்ளெக்‌ஷன் என்கிறார்கள். 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப், நிரலையும் தரவையும் ஒரே வடிவில் வைத்தது. 1982இல் பிரையன் கான்ட்வெல் ஸ்மித் தம் எம்.ஐ.டி. ஆய்வேட்டில் இவ்வாற்றலுக்குக் கோட்பாடு வகுத்தார். 1997இல் வந்த ஜாவா 1.1 நிரல் ஓடும்போது இதைத் தந்தது. ஆனால் ஓடும்போது தேடுவதற்கு நேரம் செலவாகும், பெயர்களையும் உடன் சுமக்க வேண்டும். கம்பைல் ஆகும்போதே இதை முடிக்கும் வழியை, 2025 ஜூனில் பல்கேரியாவின் சோஃபியாவில் கூடிய தரக்குழு சி++26 வரைவில் சேர்த்தது. இனி ஒரு வகையின் உறுப்புகள் யாவை என்று நிரலே கேட்கலாம்; பட்டியலைக் கம்பைலரே ஆக்கித் தரும்.

தமிழ் படித்தவருக்கு இது முற்றிலும் அயலானதன்று. சொல்லானது பொருளையும் உணர்த்தும், தன்னையும் உணர்த்தும் என்பது தொல்காப்பியப் பெயரியல் கூறும் செய்தி. 'மரம் வளர்ந்தது' என்னும்போது நாம் காண்பது மரத்தை. 'மரம் என்பது பெயர்ச்சொல்' என்னும்போது காண்பது சொல்லை. இந்த இரண்டாம் ஆற்றல் இல்லையேல் இலக்கணமே எழுத இயலாது. தொல்காப்பியர் கணினியை முன்னறிந்தார் என்று பெருமை பேச இதைச் சொல்லவில்லை. மொழியை ஆராய்வோர் எக்காலத்திலும் வந்து நிற்கும் இடம் ஒன்றே என்பதற்காகச் சொல்கிறேன்.

கம்பைலரிடம் பெயரை உரிய நேரத்தில் கேட்க வேண்டும். எல்லாம் எண்ணாகி முடிந்தபின் கேட்டால் விடை வராது. இவ்வட்டங்களுக்கு அடியிலிருந்த ஊர்ப்பெயர்களைச் சொல்லக்கூடிய முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கவேண்டிய நேரமும் இதுதான்.