எம்ப்ளாய்மெண்ட் பாஸ் (சிங்கப்பூர்)

எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்பது வெளிநாட்டு நிபுணர்கள், மேலாளர்கள், நிர்வாகிகள் சிங்கப்பூரில் வேலை செய்ய மனிதவள அமைச்சு வழங்கும் அனுமதி. வேலை தேடுபவர் தாமாக இதற்கு விண்ணப்பிக்க முடியாது. வேலை தரும் நிறுவனமே அவருக்காக விண்ணப்பிக்க வேண்டும். முதல் முறை 2 ஆண்டு வரையும், புதுப்பிக்கும்போது 3 ஆண்டு வரையும் கிடைக்கும். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200 வெள்ளி. வயது கூடக் கூட இத்தொகையும் உயரும். இதற்கு அடுத்த கீழ்நிலையிலுள்ள எஸ் பாஸுக்கு ஒதுக்கீட்டு வரம்பும் மாதத் தீர்வையும் உண்டு. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு இரண்டும் இல்லாததால், வடிகட்டல் முழுவதும் விண்ணப்பத்தின்போதே நடந்தாக வேண்டியிருக்கிறது.

அந்த வடிகட்டல் 2023 செப்டம்பரில் ‘காம்பஸ்’ என்னும் புள்ளிமுறையாக நடைமுறைக்கு வந்தது. சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் தேசியப் பன்மை, உள்ளூர்வாசிகளுக்குத் தரும் வேலை ஆகிய நான்கிலும் சேர்த்து 40 புள்ளி வேண்டும். ஆள்பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கும் அரசின் பொருளியல் முன்னுரிமைகளுக்கும் கூடுதல் புள்ளி உண்டு. ஆளை மட்டுமின்றி அவரை அழைக்கும் நிறுவனத்தையும் எடைபோடுவதே இதன் சிறப்பு. எம்ப்ளாய்மெண்ட் பாஸ் உள்ளோரில் இந்தியர் 2005இல் ஏழில் ஒருவராக இருந்து 2020இல் நான்கில் ஒருவராக உயர்ந்ததாக நாடாளுமன்றத்தில் 2021இல் தெரிவிக்கப்பட்டது. அதையொட்டி எழுந்த கவலைக்கு ஒரு நாட்டவரைக் குறைகூறுவது விடையாகாது. ஒரே நாட்டவரையே சேர்க்கும் நிறுவனத்துக்குப் புள்ளியைக் குறைப்பது நேர்மையான விடை.

ஆனால் இந்த அளவுகோல் பட்டத்தை எளிதில் அளக்கிறது, கைத்திறனை அளப்பதில்லை. நிபுணர், நிர்வாகி நிலையில் 25 பேருக்கும் குறைவாக உள்ள நிறுவனத்துக்குத் தேசியப் பன்மை, உள்ளூர் வேலை ஆகிய இரண்டு அம்சங்களிலும் தலா 10 புள்ளி தானாகவே கிடைக்கும். மீதி 20ஐச் சம்பளமும் படிப்புமே தர வேண்டும். சிராங்கூன் சாலையின் சிறிய நகைக்கடை ஒன்று, பட்டமில்லாத தேர்ந்த நகை வடிவமைப்பாளரை அழைக்க விரும்பினால், கூடுதல் புள்ளிக்கும் வழியில்லாதபோது, அத்துறை உள்ளூர் நிபுணர்களில் மேல் பத்து விழுக்காட்டினர் பெறும் அளவுக்குச் சம்பளம் தர வேண்டியிருக்கும். இந்திய உணவகச் சமையற்காரர்களுக்கோ 2023 செப்டம்பர் முதல் வேறு வழி உண்டு: மாதம் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளத்தில் அவர்களை வொர்க் பெர்மிட்டில் அமர்த்தலாம். தொழிலைப் பெயர் சொல்லி ஏற்கும் வழி அரசுக்குத் தெரிந்ததே என்பதற்கு இது சான்று.

இதைவிடப் பெரிய குறை, வேலை போனால் நேர்வது. நிறுவனம் பாஸை ரத்து செய்ததும் ஊழியருக்குப் பொதுவாக 30 நாள் குறுகிய கால அனுமதியே மிஞ்சும். அதற்குள் புதிய நிறுவனம் கிடைத்து, அது முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனமாயின், பெரும்பாலும் வேலையை 14 நாள் விளம்பரப்படுத்திய பிறகே விண்ணப்பிக்க முடியும். இந்நிலையில் கெடுபிடிக்கும் சம்பளக் குறைப்புக்கும் எதிராக வாய்திறக்க யாரும் தயங்குவர். அவகாசத்தை நீட்டித்தால் உள்ளூர்வாசிகளுக்குப் போட்டி கூடும் என்பர் சிலர். ஆனால் புதிய நிறுவனமும் அதே சோதனைகளைக் கடந்தே தீர வேண்டும் என்பதால் உள்ளூர்வாசிகளுக்கான பாதுகாப்பு குறையாது. மாதம் குறைந்தது 22,500 வெள்ளி பெறுவோருக்கான தனிப்பட்ட எம்ப்ளாய்மெண்ட் பாஸ், வேலைகளுக்கிடையே 6 மாதம் வரை தங்க இடமளிக்கிறது. சேமிப்பு மிகுந்தவருக்கு அரை ஆண்டும் குறைந்தவருக்கு ஒரு மாதமும் என்பது தேவைக்கு நேர்மாறான கணக்கு. 30 நாளை 90 ஆக்குவதே இம்முறைக்கு உடனடியாக வேண்டிய திருத்தம்.