ஆட்டிசக் குழந்தைகளுக்கான வீட்டுவழி விளையாட்டுப் பயிற்சி

ஆட்டிசம் உள்ள குழந்தையுடன் பெற்றோரே வீட்டில் நாள்தோறும் விளையாடி, அந்த விளையாட்டின் வழியாகவே பார்வைத் தொடர்பு, சைகை, பேச்சு, பிறர்மேல் நாட்டம் ஆகியவற்றை வளர்க்க முயலும் முறைகள் வீட்டுவழி விளையாட்டுப் பயிற்சி எனப்படும். இதில் தெரபிஸ்ட் பெரும்பாலும் பயிற்றுவிப்பது குழந்தையை அல்ல, பெற்றோரை. அமெரிக்காவின் சன்-ரைஸ், ஃப்ளோர்டைம், பிளே புராஜெக்ட், பிரிட்டனின் பேக்ட் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், கொடுக்கும் வாக்குறுதியிலும் கையில் உள்ள சான்றிலும் இவை வெகுவாக வேறுபடுகின்றன. வாக்குறுதி பெரிதாக உள்ள முறைக்கே சான்று குறைவு என்பதைப் பெற்றோர் முதலிலேயே அறிந்திருப்பது நல்லது.

பழியிலிருந்து பொறுப்புக்கு

1943இல் பால்டிமோரில் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளின் நடத்தையை விவரித்து, ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக அடையாளம் காட்டினார். அது பிறவியிலேயே அமைவது என்று கருதிய அவரே, இக்குழந்தைகளின் பெற்றோரிடம் கனிவு குறைவு என்றும் எழுதினார். பின்வந்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது கருத்தைத்தான். சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று 1967இல் ஒரு நூலே எழுதினார். குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் வைப்பதே மருந்து என்று நம்பப்பட்ட காலம் அது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இலேயே உயிரியல் காரணங்களை முன்வைத்து இதை மறுத்திருந்தார். ஆனாலும் அந்தப் பழி எளிதில் நீங்கவில்லை. எத்தனையோ தாய்மார்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்து வாழ்ந்தார்கள்.

பெற்றோரே பயிற்சியாளர் என்ற எண்ணம் இந்தச் சூழலில்தான் வேர்விட்டது.

சன்-ரைஸ்

1970களில் நியூயார்க்கைச் சேர்ந்த பேரி நீல் காஃப்மன், சமாரியா இணையரின் மகன் ரானுக்குக் கடுமையான ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர்கள் கூறினர். பேச்சில்லை; அழைத்தால் திரும்புவதில்லை; தட்டுகளைத் தரையில் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். காப்பகத்தில் சேர்க்கும் யோசனையை ஏற்காத தாய், கவனத்தைச் சிதறடிக்கும் பொருள்கள் குறைவாக உள்ள இடம் என்று வீட்டுக் குளியலறையைத் தேர்ந்து, மகனோடு அங்கே அமர்ந்தார். அவன் தட்டைச் சுழற்றினால் அவரும் சுழற்றினார். அவன் முன்னும் பின்னும் ஆடினால் அவரும் ஆடினார். நாளுக்கு 12 மணி நேரம், வாரம் முழுவதும், மூன்றரை ஆண்டுகள் இவ்வாறு செய்ததாகப் பெற்றோர் எழுதியுள்ளனர். இவ்வரலாறு 1976இல் நூலாகவும் 1979இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் படமாகவும் வெளிவந்தது. மகன் பின்னாளில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அதே முறையைப் பிற பெற்றோருக்குக் கற்பிப்பவரானார். 1983இல் இந்த இணையர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஷெஃபீல்டில் ஒரு மையத்தை நிறுவினர்.

திரும்பத் திரும்பச் செய்யும் செயலைத் தடுக்காமல் அதில் உண்மையான ஈடுபாட்டோடு சேர்ந்துகொள்வதே இம்முறையின் மையம். குழந்தை தானாக நிமிர்ந்து பார்க்கும் நொடியில் பெற்றோர் மனமாரக் கொண்டாடி, விளையாட்டை ஒரு படி நீட்டிக்கிறார்கள். இதற்கென்று தனி அறை வேண்டும். மின்சாரப் பொம்மைகள் அங்கே கிடையாது. விளையாட்டுச் சாமான்கள் கைக்கு எட்டாத உயரத்தில் அடுக்கப்பட்டிருக்கும்; வேண்டுமென்றால் குழந்தை பெரியவரை நாடியாக வேண்டும்.

அந்த நாளில் சிறப்புப் பள்ளிகள் அடக்கிவைக்க முயன்ற ஆட்டத்தையும் சுழற்றலையும் மதித்தது சன்-ரைஸின் நிலைத்த பங்களிப்பு. ஆனால் ஆட்டிசத்திலிருந்து முழுமையாக விடுபடலாம் என்று அது விதைத்த நம்பிக்கை ஒரே குடும்பத்தின் கதைமேல் நிற்கிறது. அந்தக் குழந்தைக்குச் செய்த முதல் கணிப்பே சரியானதா என்று விமர்சகர்கள் கேட்டுள்ளனர். 2013இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 5 நாள்களில் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற குழந்தைகள் தாமாகப் பிறரை நோக்கித் திரும்புவதும் சைகை செய்வதும் கூடின. ஆய்வில் பங்கேற்ற குழந்தைகள் மொத்தம் 12 பேர் மட்டுமே. குணமாக்கும் என்ற பேச்சுக்கு அது போதாது.

தரையில் அமரும் நேரம்

ஸ்டான்லி கிரீன்ஸ்பான் (1941–2010) என்ற மனநல மருத்துவர், உளவியலாளர் செரீனா வீடருடன் உருவாக்கிய ஃப்ளோர்டைமுக்குத் தனி அறை தேவையில்லை. 20 முதல் 30 நிமிடம் வரை, ஒரு நாளில் பல முறை, குழந்தையின் மட்டத்துக்குத் தரையில் அமர்ந்து அதன் போக்கிலேயே போக வேண்டும்.

குழந்தை கார்களை வரிசையாக அடுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா பக்கத்தில் அமர்ந்து அடுத்த காரை எடுத்துக் கொடுக்கிறார். குழந்தை வாங்கி அடுக்குகிறது. இப்படியே சில முறை போன பிறகு, கார் போகும் வழியில் தன் கையைக் கதவுபோல வைத்து மறிக்கிறார். குழந்தை அந்தக் கையைத் தள்ளிவிடுகிறது. தள்ளிவிட்டதே ஒரு பதில்தான். ஒருவர் தொடங்கி மற்றவர் முடித்துவைத்த ஒரு பரிமாற்றம் அங்கே நடந்திருக்கிறது. கதவு மீண்டும் மூடும், மீண்டும் தள்ளப்படும், ஒரு கட்டத்தில் குழந்தை அப்பாவின் முகத்தைப் பார்க்கும். இத்தகைய பரிமாற்றங்கள் தொடர்ந்து நீள்வதே கிரீன்ஸ்பானுக்கு வளர்ச்சியின் அளவுகோல். குழந்தை அழும் அளவுக்கு மறிப்பது பயிற்சியாகாது.

தமிழ் வீடுகளில் கைக்குழந்தையோடு ஆடும் ஆட்டங்கள் பல இதற்கு இயல்பாகவே பொருந்துகின்றன. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களை மடக்கிச் சோறூட்டி, கையின் மேல் விரல்களை ஊரவிட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரியும். விரல்கள் தோள்வரை ஊர்ந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், ஒரு பார்வையோ சிணுங்கலோ இழுப்போ வருவதற்கு இடம் கிடைக்கும். உப்பு மூட்டை தூக்கும்போது இரண்டு எட்டு வைத்து நின்றுவிடுவதும், ஊஞ்சலை ஆட்டாமல் பிடித்துக்கொள்வதும் அப்படிப்பட்டவையே. காத்திருப்பதுதான் கடினம். பெரியவர்களுக்கு மௌனம் பொறுக்காது. குழந்தை பதில் திரட்டுவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம். தொடுதல் கூச்சம் உள்ள குழந்தைக்குக் கிச்சுக்கிச்சு வேதனையாக இருக்கக்கூடும் என்பதால், எந்த விளையாட்டு என்பதைக் குழந்தையின் உடலே தீர்மானிக்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

கிரீன்ஸ்பானும் வீடரும் 1997இல் 200 குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து மிக நல்ல பலன்களை அறிவித்தனர். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு அதில் இல்லை. 2011இல் வெளியான, தாய்லாந்தில் 32 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் அப்படியொரு குழு இருந்தது. பெற்றோர் வாரத்துக்குச் சராசரியாக 15 மணி நேரம் விளையாடியதில் மூன்று மாதத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஃப்ளோர்டைமை ஒட்டி ரிச்சர்ட் சாலமன் மிச்சிகனில் உருவாக்கிய பிளே புராஜெக்டை 128 குழந்தைகளிடம் ஓராண்டு சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. பயிற்சியாளர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, விளையாட்டை வீடியோ எடுத்து வழிகாட்டினார். பெற்றோரும் குழந்தையும் பழகும் விதம் தெளிவாக மேம்பட்டது. மொழித்திறனிலும் அறிவுத்திறனிலும் மற்றக் குழுவோடு வேறுபாடு இல்லை.

நுணுக்கமாகப் படிக்க வேண்டியது பேக்ட் ஆய்வு. மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோனதன் கிரீனும் குழுவினரும் பிரிட்டனின் மூன்று நகரங்களில் 2 முதல் 5 வயதுக்குட்பட்ட 152 குழந்தைகளிடம் இதைச் சோதித்தனர். தாயும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு தெரபிஸ்டும் தாயும் அமர்ந்து அதைப் பார்க்கிறார்கள். குழந்தை அரை நொடி நிமிர்ந்த இடம், பொம்மையை லேசாகத் தாயின் பக்கம் நகர்த்திய இடம், தாய் அவசரத்தில் கவனிக்காமல் கடந்துபோன இடம் எல்லாம் அதில் தென்படும். எங்கே காத்திருந்தோம், எங்கே பதில் கொடுத்தோம் என்பதைத் தாய் தாமே கண்டுகொள்கிறார். வீட்டில் நாளுக்கு அரை மணி நேரம் பயிற்சி. 2010இல் வெளியான முடிவு ஏமாற்றம் அளித்தது: தாயின் பதில்கள் குழந்தையின் போக்கோடு ஒத்திசைந்தன, குழந்தை தானாகத் தொடர்புகொள்ளத் தொடங்குவது கூடியது, ஆனால் ஆட்டிசக் கூறுகளின் கடுமை குறிப்பிடும் அளவுக்குக் குறையவில்லை. பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து அவர்களில் 121 பேரைத் தேடிப் பார்த்து 2016இல் வெளியிட்ட முடிவில், கடுமையான நிலையில் இருந்தவர்கள் பயிற்சி பெற்ற குழுவில் 46 விழுக்காடு, மற்றக் குழுவில் 63 விழுக்காடு. மாற்றம் மெல்ல வந்திருக்கிறது, தங்கியும் இருக்கிறது. குழந்தைகளின் பதற்றத்திலும் முரண்டு நடத்தைகளிலும் வேறுபாடு காணப்படவில்லை.

இதே முறையை எளிமையாக்கி, சிறப்புப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களுக்கு 12 அமர்வுகளில் கற்பித்தனர். 2016இல் வந்த அதன் முடிவிலும் பெற்றோரின் ஒத்திசைவும் குழந்தையின் முன்முயற்சியும் உயர்ந்தன. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது. தெரபிஸ்ட் கிடைக்காத தெற்காசிய ஊர்களுக்கு இந்த ஆய்வு பெரிய செய்தி. உலக சுகாதார நிறுவனமும் இவ்வழியில், 2 முதல் 9 வயதுவரையுள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்காக 9 குழு அமர்வுகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் கொண்ட பயிற்சியை வகுத்துள்ளது.

குடும்பம் தாங்கும் பாரம்

சன்-ரைஸ் பின்பற்றிய 87 பிரிட்டிஷ் குடும்பங்களிடம் கேட்டறிந்து 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வு, காலப்போக்கில் குடும்பத்துக்கு நன்மையைவிடச் சிரமங்களே மிகுந்ததைக் காட்டியது. இதில் வியப்பில்லை. நாள் முழுவதும் ஒரு அறையில் ஒரு குழந்தையோடு இருக்க யாரோ ஒருவர் வேலையை விட வேண்டும்; பெரும்பாலும் அது தாய்தான். மற்றப் பிள்ளைகளுக்கு நேரம் குறைகிறது. இதைவிடக் கொடியது, எதிர்பார்த்த மாற்றம் வராதபோது, இன்னும் உழைத்திருக்க வேண்டும் என்று தாயின்மேல் விழும் குற்றச்சாட்டு. பெட்டல்ஹைம் சுமத்திய பழி இப்படி வேறு உருவில் திரும்பி வருவதை யாரும் அனுமதிக்கக் கூடாது. பயிற்சியைப் பரிந்துரைப்பவர் எத்தனை மணி நேரம் என்று சொல்லும்போதே, அந்தக் குடும்பத்தில் யாரால் எவ்வளவு முடியும் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் குரலும் இப்போது கேட்கிறது. பெற்றோரே, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்ற பொருளில் ஜிம் சின்க்ளேர் 1993இலேயே எழுதினார். ஆடுவதும் கையைப் படபடவென்று அசைப்பதும் தங்களை நிதானப்படுத்துகின்றன, அவற்றைப் பறிக்காதீர்கள் என்று பலர் சொல்கிறார்கள். விளையாட்டுப் பயிற்சியின் இலக்கு குழந்தையை மற்றவர்போல் ஆக்குவது அல்ல; தனக்கு வேண்டியதை, வேண்டாததை, வலியைத் தெரிவிக்க அதற்கு ஒரு வழி கிடைக்கச் செய்வது. அந்த வழி பேச்சாகவும் இருக்கலாம், படம் காட்டுவதாகவும் இருக்கலாம்.

இந்தியாவில்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது. ஒன்றரை வயதிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, விரல் நீட்டி எதையும் காட்டாத குழந்தைக்கு முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அத்துடன் வளர்ச்சி மதிப்பீட்டுக்கும் பதிய வேண்டும். மதிப்பீட்டுக்கான நாள் வரும்வரை காத்திருக்காமல், தரையில் அமர்ந்து விளையாடுவதை இன்றே தொடங்கலாம்.