உதகையில் இருபது பேர்

வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 4

சென்ற இதழில்: பிரான்சின் நாந்த் நகரத்துப் பிரபுக் குடும்பத்தில் 1839-ல் பிறந்த எலேன் த ஷப்போத்தன், கிளாரா மடத்தில் சேர்ந்து, நோய்வாய்ப்பட்டு வீடு திரும்பினார். 1864-ல் துலூஸ் நகரில் பரிகார மரியன்னை சபையில் மீண்டும் துறவறம் புகுந்தார். அங்கே கிடைத்த பெயர் 'பாடுகளின் மரியாள்'. அங்கி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, இந்தியாவுக்குப் போகும்படி உத்தரவு வந்தது.

இனி...

1876. தாது வருஷம். மழை பொய்த்து, சென்னை மாகாணத்தின் சமவெளியில் பஞ்சம் தலைகாட்டிய நேரம். அதே ஆண்டில், மதுரை மிஷனில் பணியாற்றிய சுமார் இருபது கன்னியர், பாடுகளின் மரியாள் உட்பட, தங்கள் பரிகார மரியன்னை சபையிலிருந்து பிரிந்து உதகமண்டலத்தில் ஒன்றுகூடினார்கள். பழைய சபைக்கு அவர்கள் இனி சொந்தமில்லை. சேர்ந்துகொள்ள வேறு சபையும் இல்லை. திருச்சபையின் கணக்கில் அவர்கள் யார்? அந்தக் கேள்விக்கு உதகையில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

கதை எப்படி இந்த இடத்துக்கு வந்தது? பதினோரு வருடம் பின்னால் போவோம்.

1865 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது பாடுகளின் மரியாளுக்கு வயது 25. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நான்கு வருடம் இருந்தது. அவரோ வார்த்தைப்பாடுகூடக் கொடுக்காத நவகன்னி. பெயர்தான் மதுரை மிஷன். ஆயர் அலெக்சிஸ் கனோஸ் இருந்தது திருச்சியில், எல்லையோ தூத்துக்குடிக் கடற்கரை வரை. அங்கே சேசு சபைக் குருக்கள் உள்ளூர்ப் பெண்களுக்காக ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் துறவறப் பயிற்சி கொடுப்பது பரிகார மரியன்னை சபையின் ஐரோப்பியச் சகோதரிகளுக்கு முக்கிய வேலை.

அதற்குக் காரணம் இருந்தது. அந்நாளில் சாமியார் திண்ணையோடு நின்றுவிட வேண்டும். அடுப்படி வரை போய்ப் பேசவும், பிள்ளை பெற்றவள் பக்கத்தில் உட்காரவும், பெண்குழந்தையை எழுத்துப் படிக்க அனுப்பும்படி தாயிடம் கேட்கவும் பெண்தான் போக வேண்டும்.

1866 மே 3-ல் முதல் வார்த்தைப்பாடு. 1867 ஜூலையில், வந்து இரண்டே வருடத்தில், பரிகார மரியன்னை சபையின் மூன்று மடங்களுக்கும் அவரே மாநிலத் தலைவி. வயது 28. மிஷனுக்குள் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த பூசல் அவர் பொறுப்பேற்ற பின் சிறிது காலம் தணிந்தது. 1874-ல் உதகமண்டலத்தில் ஒரு புதிய மடமும் எழுந்தது.

வாசகர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உதகை மதுரை மிஷனுக்கு உட்பட்டதல்ல. அது கோயம்புத்தூர் ஆயரின் ஆளுகை. அங்கே பணிசெய்தவர்கள் பாரீஸ் மிஷன் குருக்கள். இரண்டு வருடம் கழித்து, இருபது பெண்களின் தலையெழுத்தை இந்த எல்லைக்கோடுதான் மாற்றியது.

தணிந்த பூசல் மதுரை மிஷனில் மறுபடி பற்றிக்கொண்டது. 1876-ல், சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு முற்றியது.

வெளியேறுவது என்று முடிவெடுத்தால் சுலபமான வழி ஒன்று இருந்தது. அங்கியைக் கழற்றிவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறலாம். அவர்கள் அதை விரும்பவில்லை. கன்னியராகவே இருக்க வேண்டும், இந்த மண்ணிலேயே பணி செய்ய வேண்டும். ஆனால் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் தலைமையை விட்டு விலகினால், மூன்றாவது என்ன ஆகும்? யாருக்குக் கீழ்ப்படிவது?

கோயம்புத்தூர் ஆயர் ஜோசப் பர்து கைகொடுத்தார். உதகை மடத்தில் கூடிய சகோதரிகள் அவருடைய ஆளுகையின் கீழ் வந்தார்கள். தலைக்கு மேல் கூரை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. ஒரு துறவற சபையிலிருந்து பிரிந்தவர்களின் நிலையை முறைப்படுத்த ரோமால்தான் முடியும்.

1876 நவம்பரில் பாடுகளின் மரியாள் ரோமுக்குப் போனார். அன்று மலை ரயில் கிடையாது. குன்னூருக்கே அது 1899-ல்தான் வந்தது. வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் வண்டியில் மேட்டுப்பாளையம் வந்தால்தான் ரயில். அதன் பிறகு கடல்.

அவர் போய்ச் சேர்ந்த ரோமும் பழைய ரோம் இல்லை. 1870-ல் இத்தாலியப் படை நகரைப் பிடித்துக்கொண்டது. பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர், வயது 84, வத்திக்கானை விட்டு வெளியே வராமல் தம்மைக் கைதி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உலகத்தின் மிஷன் வழக்குகளெல்லாம் விசுவாசப் பரப்புதல் பேராயத்துக்கு வந்து குவியும். அந்தக் குவியலில் நீலகிரியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் முறையீடு எத்தனை காலம் கிடக்கும்?

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1877 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். பாப்பரசர் அனுமதி அளித்தார். புதிய சபை தொடங்கலாம். மறைபரப்புப் பணியே அதன் நோக்கம். பெயர் 'மரியாளின் மிஷனரிகள்'.

காட்சி கண்டு சபை தொடங்கியவர்கள் வரலாற்றில் உண்டு. இந்தச் சபை ஒரு முறையீட்டில் பிறந்தது. இருபது பேருக்கு நியாயம் கேட்கப் போனவர் ஒரு சபையின் நிறுவனராகத் திரும்பினார்.

பிறகு எல்லாம் வேகம். பேராயத்தின் யோசனைப்படி பிரான்சின் பிரித்தானிப் பகுதியில், சான் பிரியே நகரில் நவகன்னியர் இல்லம் திறந்தது. பெண்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். 1882 ஜூனில் ரோமிலேயே ஒரு மடம் அமைக்க அனுமதி வந்தது. அது பிரான்சிஸ் அசிசியார் பிறந்த 700-ஆம் ஆண்டு நிறைவு. அக்டோபர் 4, அசிசியார் திருநாளன்று, அராச்செலி ஆலயத்தில் பாடுகளின் மரியாள் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் ஏற்கப்பட்டார். இன்று உலகம் 'பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி' என்று அழைக்கும் சபைக்கு, சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை 1947-ல் தொடங்கிய அதே சபைக்கு, பாதை அங்கே திறந்தது.

சிக்கல் தீர்ந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் எதிர்ப்பு அடங்கியிருந்ததே தவிர அணைந்துவிடவில்லை.

ஐந்தே மாதம். 1883 மார்ச்சில் பாடுகளின் மரியாள் சபைத் தலைவி பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். தாம் தொடங்கிய சபையிலேயே பதவியிழந்த கன்னியாக நின்றார்.

பிரிந்து போகும் வழி அவருக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு முறை போனவர். இப்போதும் அவர் வெளியேறினால், 'எங்கே இருந்தாலும் கலகம்தான்' என்று எதிரிகள் சொல்வது மெய்யாகிவிடும். வாய் மூடி இருந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஒன்பதாம் பத்திநாதருக்கு அடுத்து வந்த பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் விசாரணைக்கு உத்தரவிட்டார். கட்டுகள் பிரிக்கப்பட்டன. உதகையிலிருந்து தொடங்கிய கதை முழுவதும் மறுபடி ரோமின் மேசைக்கு வந்தது.

தீர்ப்பு யார் பக்கம் சாய்ந்தது?

(தொடரும்)