நாஞ்சில் தந்த நகைச்சுவைச் செல்வர்

ஒற்றசேகரமங்கலத்திலும் அதன் சுற்றூர்களிலும் குடிவாழும் தமிழராகிய நமக்குக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அயலார் அல்லர். 1908 நவம்பர் 29ஆம் நாள் அவர் பிறந்த நாகர்கோவில் ஒழுகினசேரி, அந்நாளில் நம் ஊர்களைப் போலவே திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பரில் அவரது ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்தில் நின்றது. எல்லைக்கல் நாட்டினால் சிரிப்பு அங்கேயே நின்றுவிடுமா என்ன!

வறுமை அவரைப் பள்ளியில் நெடுநாள் இருக்க விடவில்லை. நம் பக்கத்தில் வில்லடிச்சான் பாட்டு என வழங்கும் வில்லுப்பாட்டும், டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவுமே அவருக்குக் கல்விச்சாலைகளாயின. 1936இல் வெளிவந்த ‘சதிலீலாவதி’ முதலாய படங்கள் அவரைத் திரைக்குக் கொணர்ந்தன.

பிறர் எழுதித் தந்ததை ஒப்பித்து, கோணல் முகம் காட்டிப் போனவர் அல்லர் அவர். படத்தின் கதை ஒருபுறம் செல்ல, தம் நகைச்சுவைப் பகுதியைத் தனிக்கதையாகத் தாமே அமைத்து, துணைவி டி. ஏ. மதுரத்துடன் நடிப்பது அவர் வழக்கம். அவற்றுள் ‘கிந்தனார்’ காலட்சேபத்தையே நாம் தலையாயதாகக் கொள்வோம். நந்தனார் கோவிலை நாடினார்; இக்கதையின் தாழ்த்தப்பட்ட சிறுவனோ இரயிலேறிப் பட்டணம் சென்று படித்து, கல்வி அதிகாரியாய் ஊர் திரும்புகிறான். பாகவதர் கோலத்தில் நின்று, பழைய பக்திக் கதையின் வடிவிலேயே தீண்டாமையைத் தலைகுனிய வைத்தார் கலைவாணர். அவையோர் சிரித்தனர், சிரித்தபின் சிந்தித்தனர். அது 1949இல், அறிஞர் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ படத்திலும் இடம்பெற்றது.

இடையே பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இன் இறுதியில் எம். கே. தியாகராஜ பாகவதரோடு கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுவிசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். பாகவதருக்குப் பழைய புகழ்நிலை மீளவில்லை. கலைவாணரோ மீண்டும் மக்களைச் சிரிக்க வைத்தார். ‘மணமகள்’ (1951) படத்தை இயக்கவும் செய்தார். சிறைக்கசப்பு அவர் நகைச்சுவையில் ஏறவில்லை என்பதே நமக்கு வியப்பு.

ஈட்டியதையெல்லாம் ஈந்து, 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் மறைந்தார். 1969 ஜனவரியில், கொடிய நோயுற்றிருந்த முதலமைச்சர் அண்ணா, சென்னைத் தியாகராயநகருக்கு வந்து அவர் சிலையைத் திறந்து வைத்தார். அடுத்த மாதம் அண்ணாவும் மறைந்தார்.