உறைபனியும் மோட்டார் வண்டியும்

வட அமெரிக்கச் சமவெளிகளில் குளிர்கால இரவுகளில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரையிலும் இறங்கிவிடுகையில், எஞ்சின் எண்ணெய் பாகுபோல் இறுகி, பாட்டரியின் சக்தியும் க்ஷீணித்து, மோட்டார் வண்டி அசைய மறுத்துவிடுவதுண்டு. ஆரம்ப காலத்தில் மக்கள், இரவில் எண்ணெயை வடித்தெடுத்து அடுப்பருகே வைத்திருந்து, காலையில் சூடாக ஊற்றினார்கள். நெருப்புத் தணலைத் தட்டிலிட்டு எஞ்சினுக்கு அடியில் வைத்தவர்களும் உண்டு. பெட்ரோல் வண்டிக்குக் கீழே நெருப்பு வைப்பதைத் துணிச்சல் என்பதா, அறியாமை என்பதா?

வட டக்கோட்டா மாகாணத்துக் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் மின்சாரக் கூட்டுறவு ஸ்தாபனமொன்றை நிர்வகித்து வந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், சிலிண்டர் தலையைப் பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றி, அதன் ஸ்தானத்தில் மின்சாரத்தால் சூடேறும் போல்ட்டைப் பொருத்தும் உபாயத்தைக் கண்டு, 1949-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். மின்சாரம் விற்பவரே மின்சாரம் உண்ணும் சாதனத்தைச் சிருஷ்டித்தது ரசமான விஷயந்தான். ஆயினும் கிராமங்களுக்கு மின்கம்பி எட்டியிராவிட்டால் அக்கருவி அங்குள்ள எவருக்கும் பிரயோஜனப்பட்டிராது.

பிற்காலத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தையே நேராகச் சூடாக்கும் கருவிகள் வந்தன. அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸிலும் கனடாவின் வின்னிபெக்கிலும் வண்டி நிறுத்துமிடங்களிலேயே மின் இணைப்புகள் அமைந்தன. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு இணைத்தாலே போதும்; இரவு முழுதும் எரியவிடுவது வீண் செலவே.