விபூதியும் விசாரணையும்

கடலூர் மத்திய சிறைச்சாலையில் ஆயுள் கைதியாயிருந்து, 2011-இல் மரணமடைந்த பிரேமானந்தாவின் சரித்திரம், பக்தியை மூலதனமாக்கிக்கொண்ட வஞ்சகத்தின் சரித்திரமாகும். இலங்கை மாத்தளையில் பிறந்து, 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் தமிழகம் வந்து, விராலிமலைக்கு அருகே பாத்திமா நகரில் ஆசிரமம் நிறுவிய அவர், வெறுங்கையில் விபூதி வரவழைத்தும், சிவராத்திரியன்று வாயிலிருந்து லிங்கம் உமிழ்ந்தும் பாமரரையும் படித்தவரையும் ஒருங்கே வசீகரித்தார்.

கஞ்சியில் குழைத்து உலர்த்திய திருநீற்று உருண்டையை விரலிடுக்கில் மறைத்து நசுக்கினால் எவர் கையிலும் விபூதி கொட்டும் என்பதைப் பகுத்தறிவாளர் மேடைகளில் செய்து காட்டியிருந்தும், மக்களின் மயக்கம் தெளியவில்லை. அடைக்கலம் புகுந்த சிறுமியரின் கண்ணீரே 1994-இல் உண்மையை வெளிக்கொணர்ந்தது. மரபணுப் பரிசோதனையையும் சான்றாக ஏற்ற புதுக்கோட்டை நீதிமன்றம், பாலியல் வன்முறைக்கும் கொலைக்குமாக 1997-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்க, 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

கடவுள்பால் கொண்ட நம்பிக்கையைக் காவியுடைக்கு அடகு வைக்காதிருப்பதே ஆஸ்திகருக்கும் அழகு.